ஆணியாக அறைந்த வாக்கு

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் பெல்ஜியத்தில் தெர்வுரன் அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தேன். உடம்பெல்லாம் ஆணி அறைந்த காங்கோ மரச்சிலையைக் கண்டு மிரண்டுவிட்டேன். பில்லி சூனியப் பொம்மை என்றார் நண்பர். அதே மாதிரி சிறிய சிலை ஒன்றைக் கடையில் வாங்கி வந்தேன். கூடத்தில் வைக்கக் கூடாது என்கிறார் மனைவி. இவற்றுக்கு உண்மையிலேயே சக்தி உண்டா?

செந்தில்

அன்புள்ள செந்தில்,

கூடத்தில் வைப்பதை உங்கள் மனைவியே முடிவு செய்யட்டும். நான் எழுத உட்கார்ந்தது 'சூனியப் பொம்மை' என்ற சொல்லுக்காக. பார்த்துவிட்டு வந்தவர், அது என்னவென்று ஒரு பக்கம் படித்திருக்கக் கூடாதா?

எதிரியின் உருவம் செய்து குத்துவதல்ல அது. காங்கோ நாட்டின் கொங்கோ இன மக்கள் அதை 'ந்கிசி ந்கொண்டி' என்பார்கள். ந்கொண்டி என்றால் வேட்டைக்காரன். சண்டை தீர்ந்த இரு தரப்பும் அதன்முன் நின்று சத்தியம் செய்வார்கள். ஆணியை நாவால் தொட்டு அதன் உடம்பில் அறைவார்கள். வாக்குத் தவறியவனை அது துரத்தி வேட்டையாடும். ஓர் ஆணி, ஒரு வழக்கு. நீங்கள் மிரண்டது ஓர் ஊரின் நீதிமன்றத்தைப் பார்த்து.

செதுக்கி முடித்ததும் சக்தி வந்துவிடாது. ந்கங்கா எனும் வைத்தியப் பூசாரி வெள்ளைக் களிமண், கல்லறை மண், விதைகள் என மருந்தை வயிற்றுக் குழியில் வைத்துப் பிசினால் அடைத்து, கண்ணாடி பதிக்க வேண்டும். உங்கள் கடைச் சிலையின் வயிறு காலி. கவலை வேண்டாம்.

பல வருடங்களுக்கு முன் நானும் அப்படியொரு சிலைமுன் நின்றிருக்கிறேன். துருப்பிடித்த ஓர் ஆணியில் துணிக்கிழிசல் முடிந்திருந்தது. முடிச்சு அவிழவில்லை. யார் யாருக்குக் கொடுத்த வாக்கோ! காவலர் வந்து நேரமாகிவிட்டது என்று சொல்லும்வரை என்னால் நகர முடியவில்லை.

1878இல் காங்கோவின் போமா நகரில் அலெக்சாண்டர் டெல்கொம்யூன் என்ற பெல்ஜிய வணிகர் ஆயுதங்களோடு ஊருக்குள் புகுந்து, நே குகோ என்ற தலைவரிடமிருந்த ஆணிச் சிலையைத் தூக்கிப்போனார். நே குகோ திருப்பிக் கேட்டார். கொடுக்கவில்லை. மூடநம்பிக்கை, வெறும் மரக்கட்டை என்றால் கொடுத்திருக்கலாமே! அதை இழந்த ஊர் எப்படித் தவிக்கும் என்று தெரிந்துதானே வைத்துக்கொண்டார்கள்? தெர்வுரனில் அதன் பெயர் ஈஓ.0.0.7943. ஒரு தெய்வத்துக்கு எண்!

2016இல் ஆய்வாளர் ஒருவர் போமாவுக்குப் போனபோது, நே குகோவின் வழிவந்த தலைவர் அதை மறுபடியும் கேட்டார். அந்த ஆணிகள் அவருடைய முன்னோர் முன்னிலையில் அறையப்பட்டவை.