ஒரு சொட்டு ரசத்துக்கு இவ்வளவு அழுகையா?

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது, ஆட்டிசம் இருக்கிறது. நாத்தனார் மகள் கல்யாணத்தில் முகூர்த்தம் முடியும் வரை சமர்த்தாக உட்கார்ந்திருந்தான். பந்தியில் கை மேல் கொஞ்சம் ரசம் தெறித்ததும் கத்த ஆரம்பித்து, தரையில் புரண்டு தலையில் அடித்துக்கொண்டான், என் கையையும் கடித்துவிட்டான். "ஒரு சொட்டு ரசத்துக்கு இப்படியா? செல்லம் கொடுத்துக் கெடுத்து வச்சிருக்கே" என்று மாமியார் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். இது அடமா? இனி விசேஷங்களுக்கு அழைத்துப் போவதையே விட்டுவிடலாமா?
வாசகி, தஞ்சாவூர்

பதில்: அடம் இல்லை, சகோதரி. அடம் பிடிக்கிற பிள்ளைக்கு ஏதோ ஒன்று வேண்டும், கிடைத்ததும் அழுகை நின்றுவிடும். நடுநடுவே அம்மா பார்க்கிறாளா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்ளும். உங்கள் மகனுக்கு அந்த நேரத்தில் எதை நீட்டியிருந்தாலும் நின்றிருக்காது. இதை மெல்ட்டவுன் என்பார்கள், தாங்க முடியாமல் போய்க் கட்டுப்பாடு உடைந்துவிடுவது.

ரசத்தை விட்டுவிட்டு அன்று காலையிலிருந்து நடந்ததை யோசித்துப் பாருங்கள். விடிவதற்குள் எழுப்பியிருப்பீர்கள், கழுத்தில் உறுத்துகிற புதுச் சட்டை, கெட்டிமேளம், வீடியோக்காரர் போடுகிற விளக்கு, மல்லிகையும் சென்ட்டும் சாம்பாரும் கலந்த வாசனை, அப்புறம் வருகிறவர்கள் எல்லாம் கன்னத்தைக் கிள்ளி "என்னைத் தெரியுதா?" என்று கேட்பது. நமக்கு நாதஸ்வரம் கொஞ்ச நேரத்தில் காதில் விழாமலே போய்விடும், மூளை ஒதுக்கிவிடுகிறது. ஆட்டிசம் உள்ள பலருக்கு அப்படி எளிதில் ஒதுங்குவதில்லை, எல்லாமே முதல் நிமிஷம் வந்த அதே வேகத்தில் வந்துகொண்டே இருக்கும். சமர்த்தாக உட்கார்ந்திருந்தான் என்கிறீர்களே, அப்போதே பல்லைக் கடித்துத் தாங்கிக்கொண்டு இருந்திருப்பான்.

1943-இல் குழந்தை மனநல மருத்துவர் லியோ கானர் ஆட்டிசம் உள்ள 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலேயே சத்தத்துக்குப் பயப்படுவது பதிவாகியிருக்கிறது. ஆனால் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு இந்தப் புலன் சிக்கலை ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகச் சேர்த்தது 2013-இல்தான். நடுவில் இருந்த 70 வருஷத்தில் எத்தனை பிள்ளைகள் இதற்காக அடி வாங்கியிருக்கும் என்று நினைத்தால் எனக்கு மனசு ஆறவே மாட்டேன் என்கிறது.

அடுத்த முறை இப்படி ஆனால், முதலில் பேச்சைக் குறையுங்கள். "என்னடா கண்ணா, அம்மாவைப் பாரு" என்பதும் அவனுக்கு அப்போது இன்னொரு சத்தம்தான். சுற்றி நிற்பவர்களை விலக்குங்கள், முடிந்தால் மணமகள் அறைக்கோ காருக்கோ கொண்டுபோங்கள், இல்லையென்றால் தலை தரையில் மோதாமல் ஒரு துண்டை மடித்து அடியில் வையுங்கள். இறுக்கி அணைத்தால் சில பிள்ளைகள் அடங்குவார்கள், சிலருக்குத் தொட்டாலே அதிகமாகும், உங்கள் மகன் எந்த ரகம் என்பது உங்களுக்குத்தான் தெரியும். எல்லாம் ஓய்ந்ததும் களைத்துப்போவான். தண்ணீர் கொடுத்துப் படுக்க விடுங்கள், அன்றைக்கு புத்திமதி வேண்டாம். வெளியே போகாத நாளிலும் அடிக்கடி இப்படி வந்தால் பல்வலி, காதுவலி, மலச்சிக்கல் ஏதாவது இருக்கிறதா என்று டாக்டரிடம் காட்டுங்கள், வலியைச் சொல்லத் தெரியாத பிள்ளைகள் இப்படியும் காட்டுவார்கள்.

விசேஷங்களை விட வேண்டாம், ஆனால் முழு நாளும் வேண்டாம். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய சட்டை, சத்தம் குறைக்கிற ஹெட்போன், வாசல் பக்கத்து நாற்காலி. தாலி கட்டியதும் கிளம்பிவிடுங்கள், சாப்பாட்டை வீட்டில் பார்த்துக்கொள்ளலாம். காதைப் பொத்தினாலோ, கையை வேகமாக உதறினாலோ, ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னாலோ தடுக்காதீர்கள், அப்போதே வெளியே கூட்டிப்போங்கள். மாமியாரிடம் நீங்கள் தனியாகப் போராட வேண்டாம், உங்கள் கணவர் பேசட்டும்.

கேள்வி: எனக்கு 27 வயது. போன வருஷம்தான் ஆட்டிசம் என்று தெரிந்தது. வீட்டில் குரல் உயர்ந்தால் எனக்குப் பேச்சே வராது, சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்துவிடுவேன். வேண்டுமென்றே மௌனமாக இருந்து தண்டிக்கிறேன் என்கிறார் கணவர்.
வாசகி, சென்னை

பதில்: இதற்கு ஷட்டவுன் என்று பெயர். உங்கள் உள்ளே நடப்பதும் முதல் கேள்வியில் வந்த பையனுக்கு நடந்ததுதான், வெளியே தெரிவதில்லை, அவ்வளவே. ஆட்டிசம் உள்ள பலருக்குத் தனக்கு வந்தது கோபமா பயமா என்பதே மணிக்கணக்கு கழித்துத்தான் புரியும், அந்த நேரத்தில் "பதில் சொல்லு" என்று நின்றால் இன்னும் இறுகிப்போகும். நீங்கள் இருவரும் நன்றாக இருக்கிற ஒரு நாளில் இந்தப் பக்கத்தை அவரிடம் கொடுங்கள். "இப்போ பேச முடியல, ராத்திரி பேசறேன்" என்று ஒரு மெசேஜை போனில் முன்கூட்டியே எழுதி வைத்து, தேவைப்படும்போது அதை மட்டும் காட்டுங்கள். காட்டினால் அவர் உடனே விளக்கை அணைத்துவிட்டு வேறு அறைக்குப் போக வேண்டும், ராத்திரி நீங்கள் கட்டாயம் பேச வேண்டும், எழுதிக் காட்டினாலும் சரி.