கடைசியாக வந்தவருக்கு எதற்குக் கைதட்டல்?

கேள்வி: குளிர்கால ஒலிம்பிக் போட்டிகளை என் 12 வயது மகனோடு உட்கார்ந்து பார்ப்பேன். பனிச்சறுக்குப் பந்தயத்தில் விழுந்து எழுந்த ஒருவர் கடைசியாக வந்து சேர்ந்தபோது, என்னை மறந்து கைதட்டினேன். “தோத்தவருக்கு எதுக்கும்மா கைதட்டறே? பாவம்னா?” என்று கேட்டான். சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. பதக்கம்தான் எல்லாம் என்று நினைக்கும் பிள்ளைக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் மகன் நியாயமாகத்தான் கேட்டிருக்கிறான். பாவம் பார்த்துத் தட்டும் கையை எந்த வீரரும் விரும்பமாட்டார். ஆனால் நீங்கள் தட்டியது பரிதாபத்தில் அல்ல. இதை அவனுக்குச் சொல்ல, ஜெயித்தவர்களிடமிருந்தே தொடங்குங்கள். அவன் மதிப்பது அவர்களைத்தானே?

1998, ஜப்பானின் நாகானோவில் குளிர்கால ஒலிம்பிக். ஆண்கள் 10 கிலோமீட்டர் பனிச்சறுக்கில் நார்வேயின் பியோர்ன் டேலிக்குத் தங்கம். கென்யாவின் பிலிப் போய்ட் கடைசி. அவர் அடிப்படையில் ஓட்டக்காரர். பனியில் சறுக்கப் பழகி இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. நேரக் கணக்கில் இருவருக்கும் சுமார் 20 நிமிட வித்தியாசம். பரிசளிப்புக்கு அழைத்தும் டேலி நகரவில்லை. போய்ட் கோட்டைத் தாண்டும்வரை அங்கேயே நின்று அவரைக் கட்டிக்கொண்டார். பிற்பாடு போய்ட் தன் மகனுக்கு டேலி என்றே பெயர் வைத்தார்.

டேலி ஏன் நின்றார்? அந்தத் தடம் ஆளை என்ன பாடுபடுத்தும் என்று அவருக்குத் தெரியும். மேடு ஏறும்போது காலில் மாட்டிய சறுக்குப் பலகை பின்னால் வழுக்காமல் பனியைப் பிடிக்கவேண்டும். தேர்ந்தவர் அதை நுட்பத்தால் செய்துவிடுவார். புதியவர் கைக்கோலை ஊன்றி, தோள் பலத்தால் உடம்பை இழுத்துக்கொண்டு போகவேண்டும். 20 நிமிடம் பின்தங்கியவர், அந்தக் கஷ்டத்தை 20 நிமிடம் அதிகமாகப் பட்டவர். உங்கள் மகனிடம் இந்த ஒரு கணக்கைச் சொல்லுங்கள், போதும்.

இன்னொன்றும் சொல்லலாம். 2018, தென்கொரியாவின் பியோங்சாங் ஒலிம்பிக்கில் பெண்கள் 500 மீட்டர் ஐஸ் ஸ்கேட்டிங் பந்தயம். ஜப்பானின் நவோ கோடைரா 36.94 விநாடியில் ஒலிம்பிக் சாதனை படைத்தார். அரங்கில் ஒரே ஆரவாரம். அவரோ உதட்டில் விரல் வைத்து ரசிகர்களை அமைதிப்படுத்தினார். அடுத்து ஓடவேண்டியவர்களில் ஒருவர் தென்கொரியாவின் லீ சாங் ஹ்வா, முந்தைய இரண்டு ஒலிம்பிக்கிலும் தங்கம் வென்றவர். புறப்படும் நேரத்தில் கூச்சல் அவரைக் குலைத்துவிடக் கூடாதே! தன் தங்கத்தைப் பறிக்கக்கூடிய ஒருவருக்காக அந்த அமைதியைக் கேட்டார் கோடைரா. எனக்கு அந்தச் சாதனையைவிட இதுதான் பெரிதாகப் படுகிறது. லீ வெள்ளியோடு அழுதபோது அணைத்துக்கொண்டு கூடவே வந்தவரும் கோடைராதான்.

சரி, இதையெல்லாம் ஒரே நாளில் பாடமாக எடுத்துவிடாதீர்கள்; பையன் எழுந்து போய்விடுவான். அவன் பதக்க ஆசையையும் குறை சொல்லவேண்டாம், டேலிக்கும் கோடைராவுக்கும் அந்த ஆசை இருந்தது. அடுத்த முறை, முதல் மூவர் வந்ததும் டிவியை அணைக்காமல் கடைசி ஆள் வரும்வரை பாருங்கள். அதுவரை ஜெயித்தவர் எங்கே நிற்கிறார், என்ன செய்கிறார் என்று அவனையே கவனித்துச் சொல்லச் சொல்லுங்கள்.