டீசல் தின்கிற பாக்டீரியாவுக்கு எண்ணூர் பெயரை வைக்கலாமா?

கேள்வி: எம்.எஸ்ஸி. நுண்ணுயிரியல் படிக்கிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியதே, அந்தக் கரைச் சேற்றிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்திருக்கிறேன். டீசலை மட்டும் கொடுத்தாலே வளர்கிறது. பாக்டீரியாக்களை அடையாளம் காண ஒப்பிடும் 16எஸ் மரபணுவின் வரிசை, தெரிந்த எந்த இனத்தோடும் 98.1 சதவீதத்துக்கு மேல் ஒத்துப்போகவில்லை. டீசல் தின்னும் புது இனம் என்று அறிவித்து எண்ணூர் பெயரை வைத்துவிடலாமா?
- வாசகி, திருவொற்றியூர்

பதில்: சாம்பல், எண்ணெய் என்றே பேசப்படும் ஊரின் பெயரை ஒரு உயிருக்கு வைக்க நினைத்தீர்களே, அதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். ஆனால் கொஞ்சம் பொறுங்கள். அது என்ன தின்கிறது என்பது வேறு, அது யார் வீட்டுப் பிள்ளை என்பது வேறு. வகைப்படுத்தும்போது முக்கியமாகப் பார்ப்பது இரண்டாவதைத்தான்.

ஏனென்றால் எண்ணெயைச் சிதைக்கும் மரபணுக்கள் பல நேரம் பிளாஸ்மிட் என்ற சின்ன டிஎன்ஏ வளையத்தில் இருக்கும், அந்த வளையம் பக்கத்தில் இருக்கிற, சொந்தமே இல்லாத பாக்டீரியாவுக்கும் போய்விடும். 1970-களில் ஆனந்த மோகன் சக்கரவர்த்தி என்ற இந்திய-அமெரிக்க விஞ்ஞானி இப்படிப்பட்ட பிளாஸ்மிட்களை ஒரே சூடோமோனாஸ் பாக்டீரியாவில் சேர்த்துத்தான் கச்சா எண்ணெயின் பல பகுதிகளைச் சிதைக்கும் பாக்டீரியாவை உருவாக்கினார். அதன் காப்புரிமை வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய் 1980-ல் அவருக்குச் சாதகமாக முடிந்தது. கைமாறக்கூடிய குணத்தை வைத்து இனம் பிரிக்க முடியாது, இல்லையா?

98.1 நல்ல அறிகுறிதான். 98.7-க்குக் கீழே போனால் புது இனமாக இருக்க வாய்ப்பு அதிகம் என்பது வழக்கமான கணக்கு. ஆனால் 16எஸ் சுமார் 1,500 எழுத்து நீளமுள்ள ஒரே ஒரு மரபணு, அதை மட்டும் நம்பாதீர்கள். முழு மரபணுத் தொகுதியையும் வரிசைப்படுத்தி, நெருங்கிய இனங்களோடு சராசரி ஒற்றுமையைப் பாருங்கள். 95-96 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் உங்கள் வாதம் நிற்கும். அப்புறம் கொழுப்பு அமிலங்கள், குயினோன் வகை, எந்த வெப்பத்தில் வளர்கிறது, எவ்வளவு உப்பைத் தாங்குகிறது எல்லாம் வேண்டும். கழிமுகத்தில் மழைக்கும் கோடைக்கும் உப்பு ஏறி இறங்குவதால் உப்புச் சோதனையில் கஞ்சத்தனம் வேண்டாம்.

குடுவையில் மேலே மிதந்த டீசல் படலம் பொடிப்பொடித் துளிகளாக உடைந்து, கீழே தண்ணீர் பால்போலக் கலங்கியதைப் பார்த்திருப்பீர்கள். பார்க்கச் சந்தோஷமாக இருக்கும், ஆனால் அது போதாது. டீசலில் ஒரு பகுதி தானாகவே ஆவியாகிவிடும். அதனால் கொன்ற பாக்டீரியா போட்ட குடுவை ஒன்றையும் கூடவே ஓட்டி, இரண்டிலும் மிச்சமிருக்கும் எண்ணெயை, கலவையின் பொருள்களைப் பிரித்து அளக்கும் கேஸ் குரோமட்டோகிராபியில் அளந்து காட்டுங்கள்.

சொந்தபந்தம் தெரிவது பாதுகாப்புக்கும் அவசியம். சூடோமோனாஸ் ஏருஜினோசா எண்ணெயை நன்றாகவே சிதைக்கும், ஆனால் அதுதான் ஆஸ்பத்திரியில் தீக்காயத்திலும் நுரையீரலிலும் புகுந்து ஆளைப் படுத்துவதும். மீனவர்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று கையால் இறால் தடவும் இடம் இது. உங்கள் பாக்டீரியா எதற்கு உறவு என்று தெரியாமல் அங்கே விடுவதை நான் ஒருநாளும் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

பெயர் செல்லுபடியாக, அந்தப் பெயருக்கு ஆதாரமாக நிற்கும் மூல பாக்டீரியாவை (டைப் ஸ்ட்ரெயின்) இரண்டு வெவ்வேறு நாட்டு நுண்ணுயிர்ச் சேகரிப்பு மையங்களில் வைக்கவேண்டும். இங்கே சண்டிகரில் எம்டிசிசி இருக்கிறது. வெளிநாட்டுக்கு அனுப்புமுன் தேசிய பல்லுயிர் ஆணையத்தின் விதிகளைப் பாருங்கள். அதன் தலைமையகம் நம் தரமணியில்தான்.

தாமதமாகிறதே என்று வருந்தவேண்டாம். பெட்ரோலில் ஆக்டேன் கூட்டச் சேர்த்த எம்டிபிஇ, அமெரிக்காவில் நிலத்தடி நீரில் கலந்து பெரிய தலைவலியானது. அதை மட்டும் கொடுத்தாலே வளரும் பாக்டீரியா பற்றி 1999-ல் கட்டுரை வந்தது. லாஸ் ஏஞ்சலிஸ் பகுதிக் கழிவுநீர் நிலையத்தில் கிடைத்தது. 2006-ல் மெத்திலிபியம் பெட்ரோலைபிலம் என்று புதுப் பேரினமாக அறிவிக்கும் வரை அதற்கு பிஎம்1 என்ற எண்தான். பேரினமே புதிது என்று காட்ட அவ்வளவு வேலை இருந்தது. இதையெல்லாம் முடித்துவிட்டு எண்ணூர் பெயரைத் தாராளமாக வையுங்கள், ஊர்ப்பெயர் வைப்பதற்கு விதியில் இடமிருக்கிறது.

கேள்வி: எண்ணெய் தின்னும் பாக்டீரியா இருக்கிறதாமே, அதை மூட்டை மூட்டையாக ஆற்றில் கொட்டினால் சேறு சுத்தமாகிவிடாதா?
- வாசகர், காட்டுக்குப்பம்

பதில்: அந்தச் சேற்றில் அவை ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றுக்குக் கிடைக்காதது பெரும்பாலும் ஆக்சிஜனும் நைட்ரஜன், பாஸ்பரஸ் சத்தும்தான். 1989-ல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கப்பல் எண்ணெய் கொட்டியபோது கரைகளில் உரம் போட்டு அங்கிருந்த பாக்டீரியாக்களையே ஊக்கினார்கள். அது கல்லும் சரளையுமான கரை, காற்று உள்ளே போகும். நம் அலையாத்தி வேர்களுக்கிடையே இருக்கும் களிச்சேற்றில் சில மில்லிமீட்டருக்குக் கீழேயே ஆக்சிஜன் இருக்காது, அங்கே சிதைவு மிக மெதுவாகத்தான் நடக்கும். 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது வாளியால் அள்ளினார்களே, அதுபோல கெட்டியாகப் படிந்த எண்ணெயை முதலில் அள்ளித்தான் ஆகவேண்டும். மூட்டை கேட்பதைவிட, சேற்றில் எந்த ஆழம்வரை எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்று சோதித்து, அந்த முடிவைக் குப்பத்திலேயே வந்து சொல்லும்படி கேளுங்கள்.