கேள்வி–பதில்: 1998 மாடல் ரோட்ஸ்டர்

கேள்வி: கார் வடிவமைக்கும் 'ஆட்டோமேஷன்' கணினி விளையாட்டில் 1998-க்கான மலிவு ரோட்ஸ்டர் (கூரை திறக்கும் இரு இருக்கை கார்) போட்டி. 2.5 லிட்டர், ஆறு சிலிண்டர் வைத்தேன். விலை எகிறிவிட்டது, வளைவில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் பின்பக்கம் வழுக்குகிறது. எங்கே தப்பு?

பதில்: இன்ஜினில்தான். இரண்டாம் தலைமுறை மாஸ்டா எம்.எக்ஸ்-5-ஐப் பாருங்கள்: 1.8 லிட்டர், நான்கு சிலிண்டர், சுமார் 140 குதிரைத்திறன், எடை ஒரு டன்னுக்குச் சற்று மேல். அவ்வளவே போதும். மிச்சப் பணத்தில் முன்னும் பின்னும் டபுள் விஷ்போன் சஸ்பென்ஷன் (ஒவ்வொரு சக்கரத்தையும் மேலும் கீழுமாக இரண்டு கைகள் தாங்கும் அமைப்பு) போடுங்கள். விளையாட்டில் பாகங்களின் தரத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்லைடரை எல்லாப் பகுதியிலும் ஏற்றாதீர்கள். செலவைத் தின்பதே அதுதான்.

வழுக்கலைக் குறைக்க, பின்பக்க ஆன்டி-ரோல் பாரை (வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி) தளர்த்தி, முன்பக்கப் பாரைக் கொஞ்சம் இறுக்குங்கள். அதிகம் இறுக்கினால் வண்டி திரும்பவே மறுக்கும். டயர் அகலம் 195 மி.மீ., ரிம் 15 அங்குலம்.

தோற்றத்தில் பலர் கோட்டை விடுவது விளக்கில். எம்.எக்ஸ்-5 இந்தத் தலைமுறையில்தான் போட்டால் மேலே எழும்பும் முகப்பு விளக்கைக் கைவிட்டு, உருண்டு நீண்ட நிலையான விளக்குக்கு மாறியது. எல்.ஈ.டி. கீற்றும் 18 அங்குலச் சக்கரமும் மாட்டினால், அது 1998 வண்டியே இல்லை!