மன்னார் வளைகுடாத் தீவுகளுக்குக் குடும்பத்தோடு போய்வரலாமா?

கேள்வி: பொங்கல் விடுமுறையில் எழுபது வயதுத் தந்தையையும் இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு, தூத்துக்குடியிலிருந்து படகில் மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் தீவுகளுக்குப் போக விரும்புகிறோம். வழியில் செம்மணல் மேடுகள் நிறைந்த தேரிக்காட்டையும் பார்க்க முடியுமா?
– பாளையங்கோட்டை வாசகர்

பதில்: தீவில் இறங்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். பாம்பனிலிருந்து தூத்துக்குடி வரை கரையையொட்டிக் கிடக்கும் 21 தீவுகளும் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. வனத்துறையின் அனுமதியின்றி அங்கே கால்வைப்பது குற்றம். கரையில் யாராவது படகில் கூட்டிப்போவதாக அழைத்தாலும் ஏறாதீர்கள். தீவுகளைச் சுற்றி ஆழம் குறைவு என்பதால், ஒரு நங்கூரம் விழுந்தாலே மெல்ல மெல்ல வளரும் பவளப்பாறை நொறுங்கிவிடும். மீனவர்கள் ஆவுளியா என்றழைக்கும் கடற்பசு மேயும் கடற்புல்லும் வேரோடு பெயர்ந்துவிடும்.

தூத்துக்குடித் துறைமுகத்தை ஒட்டிச் சாலை வழியாகவே போகக்கூடிய முயல் தீவு இந்தப் பட்டியலில் சேராது. மண்டபத்துக்கு எதிரே உள்ள முசல் தீவுதான் பூங்காவுக்குள் இருப்பது. பெயர் ஒன்றுபோல் இருப்பதால் பலர் குழம்புகிறார்கள். பிள்ளைகள் கடலைப் பார்க்க முயல் தீவுக் கரையே போதும். பவளத் துண்டு கிடந்தால் எடுக்க வேண்டாம், யாராவது விற்றாலும் வாங்க வேண்டாம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் பாதுகாக்கப்பட்ட உயிரினமாகப் பவளமும் இடம்பெற்றுள்ளது.

தேரிக்குக் கட்டாயம் போங்கள். திருச்செந்தூருக்கும் சாத்தான்குளத்துக்கும் இடையே உள்ள குதிரைமொழித் தேரியில், காற்று வாரிக் குவித்த செம்மணல் மேடுகளையும், அந்த மணலிலும் வேர்பிடித்து நிற்கும் பனைகளையும் காணலாம். மணலில் கால் புதையுமாதலால் தந்தையாரை மேடேறச் சொல்லாதீர்கள். வண்டி போகும் அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலில், சுனையருகே நிழலில் அவர் அமர்ந்திருக்கட்டும். முற்பகலிலேயே மணல் கொதிக்கத் தொடங்கிவிடும். விடிந்ததும் போய் ஒன்பது மணிக்குள் திரும்பிவிடுங்கள், குடிநீரைக் கையோடு கொண்டுபோங்கள். காட்டுக்குள் வழி தேடி வெகுதூரம் நடக்க வேண்டாம். ஒரு மேடு போலவே மற்றொன்றும் இருப்பதால் திசை தவறிவிடும்.

என்னைக் கேட்டால், பொங்கலைவிடப் பங்குனியில் ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவதே நல்லது. ஆனால் அய்யனார் உங்கள் குலதெய்வமாக இருந்தாலொழிய உத்திரத்தன்று வர வேண்டாம். சாஸ்தா என்றும் அழைக்கப்படும் அய்யனாரின் கோயில்களில் அன்று கூட்டம் நெரியும். அந்தப் பருவத்தில் பதநீர் நன்றாக இறங்கும். பனையேறிக் குடும்பத்தாரிடம் கேட்டுக்கொண்டு, விடிலியில், அதாவது பதநீர் காய்ச்சும் குடிசையில், பதநீர் காய்ந்து கருப்பட்டியாவதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். காய்ச்சும் அம்மாவிடமே ஒரு கிலோ வாங்கிவாருங்கள்.