அங்கோருக்கு ஒரு நாள் போதுமா?

கேள்வி: அம்மாவையும் கூட்டிக்கொண்டு கம்போடியா போகிறோம். அங்கோர் வாட்டைப் பார்க்க ஒரு நாள் போதும் என்கிறார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி. என்ன செய்யலாம்?
– வாசகி, திருகோணமலை

பதில்: போதாது தங்கச்சி. 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் சூரியவர்மன் விஷ்ணுவுக்குக் கட்டிய கோயில் அது, மேற்குப் பார்த்த வாசல், அதனால் காலை வெயில் பார்க்கிறவர் முகத்தில்தான் அடிக்கும், பின்னேரம்தான் கல்லின் நிறமே தெரியும். மூன்று நாள் அனுமதிச்சீட்டே எடுங்கள், தொடர்ந்து மூன்று நாளும் போக வேண்டுமென்று இல்லை, இடையில் ஓய்வெடுக்கலாம். உச்சிக் கோபுரப் படிகள் செங்குத்து, அம்மா ஏறவே வேண்டாம். அவரைக் கீழே கிழக்குச் சுற்று மண்டபத்துக்குக் கூட்டிப்போங்கள். சுமார் 49 மீட்டர் நீளத்துக்குப் பாற்கடல் கடையும் காட்சி செதுக்கியிருக்கிறது. ஒரு பக்கம் அசுரர், மறுபக்கம் தேவர், நடுவில் ஆமையின் மேல் மலை. மலைக்குக் கிட்டே குனிந்து பாருங்கள், கடைகிற வேகத்தில் மீன்களும் முதலைகளும் துண்டு துண்டாகக் கிடக்கும். கோணேசர் கோயிலில் கதை கேட்டு வளர்ந்தவருக்கு அங்கே யாரும் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

காட்டுவழி நடக்க ஆசையென்றால் நீங்கள் மட்டும் கபால் ஸ்பியன் என்ற மலைக்காட்டு ஆற்றுக்குப் போங்கள். ஒன்றரைக் கிலோமீட்டர் ஏற்றம், ஆற்றுப்படுகைப் பாறையிலேயே வரிசை வரிசையாக லிங்கங்கள், தண்ணீர் அவற்றின் மேலாக ஓடும். மழைக்காலம் முடிகிற கையோடு போனால்தான் அந்த ஓட்டம் இருக்கும். அப்புறம், பாதையை விட்டு விலக வேண்டாம். போர்க்காலக் கண்ணிவெடிகள் அந்த நாட்டின் ஒதுக்குப்புறங்களில் இன்னும் உண்டு. தோளும் முழங்காலும் மூடிய உடுப்பு எடுத்துக்கொள்ளுங்கள்.