கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பொருள் ஒரு தலைவரைப் பற்றி என்ன சொல்லும்?

வரலாற்றுப் புத்தகம் இருக்கும்போது அருங்காட்சியகப் பொருட்கள் எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். நான் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணிக்கடையில் வேலை பார்ப்பவன், துணியை வைத்தே சொல்கிறேன்.

1921 செப்டம்பர் 22 அன்று, மதுரை மேலமாசி வீதியில் தங்கியிருந்தபோதுதான் காந்தி சட்டையை விட்டு அரைவேட்டிக்கு மாறினார். ஏழைகளுக்கு முழு உடைக்கு வழியில்லை என்பதே காரணம். 1931இல் லண்டனில் மன்னரைப் பார்க்கப் போனதும் அதே கோலத்தில்தான்.

அப்புறம் 1948 ஜனவரி 30. சுடப்பட்டபோது அவர் உடுத்தியிருந்த துணி, மதுரை காந்தி அருங்காட்சியகத்தில், அதாவது பழைய ராணி மங்கம்மாள் அரண்மனையில் இருக்கிறது. தினமும் நூற்றுக்கணக்கான துணிகளை விரித்து மடிக்கிற எனக்கு, அதன் முன்னால் கை அப்படியே நின்றுவிட்டது. காய்ந்து பழுப்பேறிய கறை. அவர் உடை மாற்றிய அதே ஊரில் அந்தக் கதையின் முடிவும் கிடக்கிறது. இதைப் புத்தகத்தில் படித்திருக்கிறேன், ஆனால் அங்கே போன பிறகுதான் உறைத்தது.

சரி, நீங்கள் போனால் ஒன்று செய்யுங்கள். பொருளுக்குக் கீழே உள்ள குறிப்பில் அது அசலா, நகலா என்று முதலில் பாருங்கள்.